ஏழாம் லைன் டோக்கன்

டிங்-டாங் என்றது ஸ்பீக்கர். இசக்கியின் ஊசி பாக்கெட் முனையில் அப்படியே நின்றது. "லைன் செவன், குருவம்மாள், சாம்பிள் ரூமுக்கு வரவும்" என்று ஹெச்.ஆர். மேடத்தின் குரல் ஜலதோஷம் பிடித்த குயிலைப்போல மூக்கைத் தொட்டுவிட்டு இறங்கியது, இசக்கியின் தொண்டை உடனே அதைப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல், உள்ளுக்குள்ளேயே ஒருதரம் சொல்லிப் பார்த்தது, வரவும் இல்லை, வர்ரவும், அந்த எழுத்தை அந்தம்மா மிட்டாய் மாதிரி நாக்கில் கொஞ்சநேரம் வைத்திருந்துவிட்டுத்தான் விழுங்குகிறாள், ஆகா, சரியாக வந்துவிட்டது, சே, இன்றைக்குமா, இன்றைக்குக்கூடச் சும்மா கிடக்கமாட்டாயா என்று தன் தொண்டையைத் தானே அதட்டிவிட்டு மிதியை அழுத்தினாள். டர்ர்ர். ட்ராக் பேன்ட், வலது பாக்கெட். மணிக்கு எண்பது. திருப்பூரில் எந்தக் கம்பெனியிலும் விசாரணை நடக்கிறது என்பதற்காக டார்கெட்டைக் குறைக்கமாட்டார்கள். பார்க்காமலே தெரிந்தது, கோடியில் செக்கிங் டேபிளிலிருந்து குருவம்மாக்கா எழுந்து, நாற்பத்தைந்து வயது முட்டியை ஒருதரம் தடவிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி நடப்பது. உள்ளே மூன்று பேர் கமிட்டி. மேனேஜர், ஹெச்.ஆர். மேடம், அப்புறம் சட்டப்படி வெளியாள் ஒருவர் இருக்கவேண்டுமாம், அதற்காகக் கோயமுத்தூரிலிருந்து வந்த வக்கீலம்மா. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கப்போட்டிருக்கிற அந்தம்மாவின் குரலை இசக்கி இன்னும் கேட்கவில்லை. குரல் தெரியாத ஆள் என்றால் இசக்கிக்கு இருட்டுக்குள் கைவிடுகிற மாதிரி. நாலாவதாக ஒருவனும் உள்ளே இருந்தான், யார்மேல் புகாரோ அவன், ஏழாம் லைன் சூப்பர்வைசர் ரத்தினசாமி, நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான், சொல்லப்போகிற பெண்பிள்ளைகள் நிற்கவேண்டும், கண்ணாடிச் சுவர் வழியாக அவன் கால்மேல் கால் போட்டிருப்பது இங்கிருந்தே தெரிகிறது, அந்தக் காலில் ஆடுகிற செருப்பு தெரிகிறது, டர்ர்ர், அடுத்த பாக்கெட்.

பாக்கெட். போயும் போயும் அவளுக்கு வாய்த்த வேலை பாக்கெட் தைக்கிறது. எல்லாம் ஒரு அலுமினியத் துண்டில் ஆரம்பித்தது, உளுந்தவடை அகலத்தில் ஒரு வட்டம், நடுவே 7 என்று குத்தியிருக்கும், லைனுக்கு ஒன்று, அதை எடுத்துக்கொண்டுதான் பாத்ரூம் போகவேண்டும், ஒருத்தி போய்த் திரும்பினால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். முன்பு அது தூணில் ஒரு ஆணியில் தொங்கும். ரத்தினசாமி இந்த லைனுக்கு வந்த மறுநாள் ஆணி மட்டும் இருந்தது. "தொலஞ்சு தொலஞ்சு போயிருதுங்க அம்முணி, பொறுப்பா நானே வச்சுக்கறேன்" என்றான், வெல்லம் கரைத்த குரல், பெரியவள் சின்னவள் பார்க்காமல் எல்லாருக்கும் வாங்க போங்க, இப்படி மரியாதையான மனுசன் எந்த லைனுக்கு வாய்க்கும் என்று முதல் வாரம் குருவம்மாக்காவே மெச்சினாள். வைத்துக்கொண்டது பேன்ட் பாக்கெட்டில். அதற்குப் பிறகு ஏழாம் லைன் பெண்கள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். காலையில் வேனில் ஏறும்போது நிரம்பியிருந்த பாட்டில் சாயங்காலம் இறங்கும்போதும் கழுத்துவரை நிரம்பியிருக்கும், இசக்கி அதைப் பார்த்து, கண்டக்டர் குரலில், "பாட்டிலுக்கெல்லாம் தனி டிக்கெட்டு, ஏக்கா, அதைத் தெனமும் சவாரி கூட்டிட்டுப் போறியளே, துட்டு எடுங்க" என்று கத்தியிருக்கிறாள், தானே சிரித்திருக்கிறாள், யாரும் சிரிக்காததற்குக் களைப்பு என்று நினைத்திருக்கிறாள். எதிர் மிஷின் செல்லக்கிளிக்கு நீர்க்கடுப்பு வந்து மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள், கேட்டால் உடம்புச்சூடு என்றாள். சூடுதான். யாருடைய சூடு. இசக்கி கேட்டால் மட்டும் அவன் டோக்கனை மேசைமேல் டங்கென்று போட்டுக் கையெடுத்துக் கும்பிடுவான், "போயிட்டு வா தாயே." ஏனென்றால் முதல் வாரமே அவன் முதுகுக்குப் பின்னால் நின்று அவன் குரலில் "ஏனுங்க, புரொடக்சன் வந்துச்சுங்களா" என்று இவள் பேசிக் காட்டியதில் ஃப்ளோரே சிரித்து உருண்டது. வாய்க்கு அஞ்சினான். பதினெட்டு முடிந்து நாலே மாசம் ஆன இசக்கி அன்றிலிருந்து கடையநல்லூர்க்காரி என்றால் சும்மாவா என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தாள், நான் ஜெயித்துவிட்டேன், என்னிடம் வாலாட்ட முடியாது. தன்னை விட்டுவிட்டு அவன் மற்ற இருபத்தொரு பேரிடம் போயிருக்கிறான் என்பது அந்த நிமிர்ந்த நெஞ்சுக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால்தான், இப்போது, இந்த நிமிஷம், மிதியை மிதிக்கிற காலால் யாரையாவது உதைக்கவேண்டும்போல, முதலில் தன்னையே.

பவளக்கொடியக்கா பக்கத்து மிஷினில்தான் இருக்கிறாள், இடதுகை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருக்கிறது, மூன்று வாரம் ஆகிவிட்டது, நகம் கறுத்துவிட்டது. பார்க்காதே. பார்த்தால் அது மறுபடி நடக்கும். நடந்தது. அன்று பன்னிரண்டு மணி, பவர் போய் வந்து எல்லாரும் வேகம் பிடித்த நேரம், பண்டல் வண்டிக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டு, இரண்டு மேசை தள்ளி எப்போதோ காதில் விழுந்ததை வைத்து, வேடிக்கை, வெறும் வேடிக்கை, ரத்தினசாமியின் குரலை அப்படியே உருவி எடுத்து, "டோக்கன் வேணுங்களா அம்முணி? பாக்கெட்லதான் இருக்கு. எடுத்துக்கோங்க" என்றாள். பவளக்கா திடுக்கிட்டு, "அடி எருமை" என்று திட்டித் துரத்துவாள் என்று பாதிச் சிரிப்போடு காத்திருந்தாள். பவளக்கா திரும்பவில்லை. கை மட்டும் ஊசிக்கடியில் போயிருந்தது. ஊசி நகத்தைத் துளைத்து அந்தப் பக்கம் போய் நின்றிருக்கிறது, அவள் கத்தவில்லை, கையை உருவவில்லை, ஊசியில் கோத்தபடியே, தலையைக் குனிந்தபடியே, ரொம்பப் பணிவாக, "இல்லீங்க சார். வேண்டாங்க சார். அவசரமில்லீங்க சார்" என்றாள். வலியைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, அதன் குரல் இத்தனை சின்னதாக இருக்கும் என்று எந்தக் குரலையும் விட்டுவைக்காத இசக்கிக்கு அதுவரை தெரியாது. "ஏக்கா, நாந்தாங்க்கா, ஏக்கா இங்க பாருங்க, இசக்கிதான்க்கா" என்று இவள்தான் அழுதாள். சாயங்காலம் வேனில் பவளக்கா ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "கையை விட்டு எடுத்துக்கணும்டி. அவன் நகரமாட்டான். நாம தேடணும்." முன்சீட்டில் குருவம்மாக்கா, "எனக்கும்தான் ஆத்தா, பேரன் எடுத்த வயசுல" என்றாள். அப்புறம் செல்லக்கிளி. அப்புறம் ஒவ்வொரு சீட்டாக. அதற்கு முன்னால் ஒருத்திக்கு நடப்பது ஒருத்திக்குத் தெரியாது, ஒவ்வொருத்தியும் தன் முகத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து, கண்ணாடி பார்த்து, பவுடரைக் குறைத்து, பூவை நிறுத்தி. மறுநாள் மனு எழுதினார்கள். முதல் பேர் போட்டவளைத்தான் முதலில் வேலையைவிட்டு நிறுத்துவான் என்று டிபன்பாக்ஸ் மூடியைத் தாளில் கவிழ்த்து வட்டம் இழுத்து, அதைச் சுற்றிச் சுற்றி இருபத்திரண்டு கையெழுத்து, தலையும் இல்லை வாலும் இல்லை. மேனேஜர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பி, "என்னம்மா இது, கோலமா? யாரு ஃபர்ஸ்ட்?" என்றான். "ஃபர்ஸ்ட்டு யாருமில்லீங்க சார், சுத்திக்கிட்டே இருக்குங்க" என்றாள் குருவம்மாக்கா. அந்த ஒரு பதிலுக்காக அக்காவுக்குச் சிலையே வைக்கலாம்.

குருவம்மாக்கா திரும்பி வந்துவிட்டாள். ஏழு நிமிஷம்கூட ஆகவில்லை. செக்கிங் டேபிளுக்குப் போகிற வழியில், நூல்கண்டு எடுக்கிற சாக்கில் குனிந்து, "வாசிச்சான்டி" என்றாள். "யாருக்கா?" "மேனேஜரு. நாம எழுதுனதை. டோக்கன் பாக்கெட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் அம்மணி அப்படீன்னு, எழுத்துத் தமிழா மாத்தி, ரேசன் கடை போர்டை வாசிக்கிற மாதிரி. வாசிச்சிட்டு, இதுல என்னம்மா தப்புங்கிறான். எனக்கே காதுக்கு நல்லாத்தான் இருக்கு, நான் என்னத்தச் சொல்ல?" போய்விட்டாள். டர்ர்ர். நூல் அறுந்தது. ஊசிக் காதில் நூல் போகமாட்டேன் என்கிறது, எச்சில் தொட்டு, மறுபடி. எழுதினோமே, ராத்திரியெல்லாம் யோசித்து, கையை விட்டுத் தேடியதை எழுதக் கூசி, அவன் சொன்னதை ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல், பொய் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று அவன் வார்த்தையை அப்படியே. அதுதான் தப்பு. கெட்ட வார்த்தை பேசினான் என்று எழுதியிருந்தால் பிடித்திருப்பார்கள். அவன் வாயில் கெட்ட வார்த்தையே கிடையாது, எல்லாம் நல்ல வார்த்தை, எடுத்துக்கோங்க, வாங்க, போங்க, அம்முணி, தாளில் ஏற்றினால் வெளுத்த வேட்டி மாதிரி நிற்கிறது, கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சடிக்கலாம். அழுக்கு இருந்தது குரலில். குரல் தாளில் ஏறாது. எந்த ஊர்ச் சட்டம் இது, அவன் சொன்னதை எழுது என்கிறது, சொன்ன விதத்தை எங்கே எழுதுவது, அதற்குக் கட்டம் இருக்கிறதா உங்கள் ஃபாரத்தில், பேர், தகப்பனார் பேர், டோக்கன் நம்பர், மூச்சு முட்டிய நாள், விரலில் ஊசி ஏறிய நேரம். டிங்-டாங். "லைன் செவன், பவளக்கொடி." பவளக்கா மிஷினை அணைத்தாள். போகும்போது இசக்கியின் தோளை லேசாகத் தொட்டாள், துணி சுற்றிய விரலால்.

ஒருத்தி உள்ளே போனால் அவள் மிஷின் ஓசை லைனில் பல் விழுந்த இடம் மாதிரி காலியாக இருக்கிறது. இசக்கி தைத்தாள். பதினேழு, பதினெட்டு. கண்ணாடிக்குள் பவளக்கா நின்றாள், மேனேஜர் கை ஆட்டினான், ரத்தினசாமி எழுந்து ஏதோ பணிவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான், வக்கீலம்மா குனிந்து எழுதினாள், ஒரு குரலும் வெளியே வரவில்லை. பவளக்கா வந்து உட்கார்ந்து மிஷினை ஓட்டினாள். ஒரு தையலை முடித்தாள். அப்புறம் துணியைப் பார்த்தே, "அடுத்து உன்னைத்தான்டி கூப்பிடுவாங்க. வரிசை மாத்திட்டாங்க" என்றாள். "ஏன்க்கா?" "அவன் சொல்லிட்டான். அந்தப் பேச்சு எதையும் நான் பேசலைங்க, என் குரல்ல பேசுறது அந்த வாலுப்பொண்ணுங்க, ஃப்ளோருக்கே தெரியும், பாவம் இவங்க அதைக் கேட்டு என்னைத் தப்பா நெனச்சுட்டாங்கன்னு. ஹெச்.ஆர். மேடம் ஆமா சார் அந்தப் பொண்ணு மிமிக்ரி பண்ணும்ங்குது. பொங்கலுக்கு நீ பண்ணினதை அதுதான் வீடியோ எடுத்து வச்சிருக்காம்." பவளக்கா குரலில் குற்றம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திட்டித் தொலையேன் அக்கா. இருபத்தொரு பெண்களை ஆறு மாசம் தண்ணீர் குடிக்கவிடாமல் பண்ணியவன் தப்பிக்க ஒரு கதவு வேண்டும், அந்தக் கதவு என் வாய்தானா? "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டியாட்டி" என்று அம்மா, கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டில், பெட்டியை ஏற்றிவிடும்போது, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இந்த வாயால நீ வாழவும் மாட்ட, வாழவும் விடமாட்ட" என்று எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியார், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. "சிஸ்டர், சத்தம்" என்று ஹாஸ்டல் வார்டன். எல்லாரும் இசக்கிக்குள் வரிசையாக எழுந்து நின்று அவரவர் குரலில் பேசினார்கள், ஒருத்தரை அமுக்கினால் இன்னொருத்தர். எனக்கு மிமிக்ரி வராது மேடம் என்று சொல்லிவிட்டால்? வீடியோ இருக்கிறது. வரும், ஆனால் இவன் குரல் வராது என்றால்? ஃப்ளோர் முழுக்கச் சாட்சி. பேசிக் காட்டினால் அவன் ஜெயிப்பான். பேசாமல் நின்றாலும் அவன் ஜெயிப்பான். குரலை நான் திருடினேன், திருட்டுப்பொருளைக் காட்டி, பாருங்கள் இது என்னுடையது இல்லை என்று அவன் கைகழுவிவிட்டான். சிரித்தார்களே, ஆறு மாசமாக என் அக்காமார் நான் அவனைப்போலப் பேசும்போதெல்லாம் சிரித்தார்களே, பல்லைக் கடித்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மனசு நோகக்கூடாது என்று.

வாய் தானாகவே அதைச் சொல்லிப் பார்த்தது. மிஷின் ஓசைக்கு அடியில், முணுமுணுப்பாக, கடைசியாக ஒருதரம், எப்படித்தான் இருக்கிறது என்று. டோக்கன் வேணுங்களா அம்முணி. பாக்கெட்லதான் இருக்கு. எடுத்துக்கோங்க. "அப்படி இல்ல" என்றாள் பவளக்கா. இசக்கி திரும்பினாள். "என்னது அப்படி இல்ல?" "அதோட முடியாதுடி. எடுத்துக்கோங்கன்னுட்டு ஒரு மூச்சு இழுப்பான். பல்லுக்கு நடுவால. சூடா காப்பி உறிஞ்சுற மாதிரி." உதடு மடிந்து, பல் தெரிந்து, ஸ்ஸ்ஸ் என்று உள்ளே, தோள் கொஞ்சம் உயர, அவள் இழுத்தாள். இழுத்ததும் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை குரலில் இத்தனை நாளில் இந்த மூச்சை இசக்கி கேட்டதே இல்லை. "எனக்கு எப்படிக்கா இது தெரியாமப் போச்சு?" "உனக்கு எப்படித் தெரியும்? காதுகிட்ட வந்தாத்தானே கேக்கும்." டர்ர்ர் என்று ஓடிய ஊசி நின்றது. மனுவில் அந்த மூச்சு இல்லை, வார்த்தை இல்லையே, எப்படி எழுதுவது. வேனிலும் யாரும் சொல்லவில்லை. என் மிமிக்ரியில் இல்லை, அவர்கள் காதில் இருக்கிறது. அப்படியானால் அவர்கள் கேட்டது என்னை இல்லை. எதிர் மிஷினில் செல்லக்கிளி இருக்கிறாள், அவளிடம் கேட்டுவிடலாமா. "ஏக்கா, எடுத்துக்கோங்கன்னு சொன்ன பெறகு அவன் என்ன செய்வான்?" நாக்கு நுனிவரை வந்துவிட்டது, கேட்டால் ஒரே நொடியில் தெரிந்துவிடும், எல்லாருக்கும் அந்த மூச்சுத் தெரியுமா அல்லது பவளக்காவுக்கு மட்டுமா. கேட்கக்கூடாது. கேட்டால் நான் சொல்லிக்கொடுத்ததாகிவிடும், அந்தக் கதவையும் அவன் திறந்துகொண்டு போவான். உதட்டைக் கடித்தாள், உப்புக் கரித்தது. பிறந்ததிலிருந்து வாயை மூடாத ஒருத்தி, வாழ்க்கையில் முதல்தரம், தெரிந்துகொள்ளவேண்டிய ஒன்றைக் கேட்காமல், தெரியாமலேயே போகவேண்டும். பவளக்காவும் புரிந்துகொண்டு குனிந்துவிட்டாள். பத்தொன்பது. இருபது. ஒருவேளை மற்றவர்களுக்குத் தெரியாவிட்டால். ஒருவேளை வெட்கப்பட்டு, ஒண்ணுமில்லீங்க மேடம் என்று எல்லாரும் தலையைக் குனிந்துவிட்டால். நான் மட்டும் என் வாயால் அவனுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்துவிட்டு சாயங்காலம் வேனில் எந்த முகத்தோடு, எந்தக் குரலோடு. டிங்-டாங். "லைன் செவன், இசக்கியம்மாள், சாம்பிள் ரூமுக்கு வர்ரவும்."

ஏ.சி. குளிரில் வியர்வை காய்ந்தது. "எங்கேம்மா, சார் மாதிரி பேசு பார்ப்போம்" என்றான் மேனேஜர், பொங்கல் விழாவில் கேட்ட அதே மாதிரி. ரத்தினசாமி கருணையாகச் சிரித்தான், "சின்னப் பொண்ணுங்க சார், விளையாட்டுத்தனம், ஒண்ணும் பண்ணிராதீங்க" என்றான். இசக்கி கண்ணை மூடிக்கொண்டு பேசினாள். பேசி முடித்ததும் ஹெச்.ஆர். மேடத்தின் நாற்காலி கிரீச்சிட்டது, மேனேஜர் மேசையைத் தட்டி, "பாத்தீங்களா மேடம், அச்சு அசல்! இதைத்தான் நான் அப்பவே" என்றான். "அச்சு அசல் இல்ல சார்" என்றாள் இசக்கி. தன் சொந்தக் குரல் எத்தனை மெலிசு என்று அவளுக்கே வியப்பாக இருந்தது, அதை அவள் அதிகம் புழங்கியதில்லை. "இதுல கடைசியில ஒண்ணு கொறையுது மேடம். இவர் எங்கிட்ட அவ்வளவு கிட்ட வந்ததில்ல, அதனால எனக்கு அது தெரியாமலேயே போச்சு. இன்னைக்குத்தான் ஒரு அக்கா செஞ்சு காமிச்சா. மத்த யாருகிட்டயும் நான் கேக்கல, சொல்லவும் இல்ல. நீங்களே ஒவ்வொருத்தரா கூப்பிடுங்க. கதவைச் சாத்திட்டுக் கேளுங்க. எடுத்துக்கோங்கன்னு சொன்ன பெறகு இவர் என்ன செய்வாருன்னு மட்டும் கேளுங்க. என்னை வெளிய, உங்க கண்ணு முன்னாடி உக்கார வச்சிருங்க. நான் யாருகிட்டயும் போய்ச் சொல்லலைன்னு உங்களுக்குத் தெரியணும்." ரத்தினசாமியின் செருப்பு ஆடுவது நின்றது. வக்கீலம்மா கயிற்றுக் கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினாள். "மிஸ்டர் ரத்தினசாமி, அந்த டோக்கன் இப்ப எங்க இருக்கு?" சாதாரணக் குரல், வங்கியில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற மாதிரி. அவன் கை பேன்ட் பாக்கெட்டுக்குப் போனது, பாதியில் நின்றது, அத்தனை பேர் பார்க்க உள்ளே போய்த் தேடி எடுத்தது. "மேசைமேல வச்சிட்டு நீங்க வெளிய நில்லுங்க."

வெளியே ஸ்டூலில் இசக்கி. ஆறடி தள்ளிச் சுவரோரம் ரத்தினசாமி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல். கண்ணாடிக்குள் குருவம்மாக்கா. இம்முறை நாற்காலி கொடுத்திருந்தார்கள். ஒரு குரலும் கேட்கவில்லை. வக்கீலம்மா கேட்பது தெரிந்தது, குருவம்மாக்கா தலையைக் குனிந்தாள், அசைத்தாள், இல்லை என்கிறாளா, ஐயோ அக்கா, இல்லை என்றா சொல்கிறாய், சேலை முனையைத் திருகினாள், வக்கீலம்மா காத்திருந்தாள், மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தான். குருவம்மாக்கா நிமிர்ந்தாள். உதடு மடிந்தது. பல் தெரிந்தது. தோள் மெல்ல உயர்ந்தது. உடனே புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அடுத்து செல்லக்கிளி. கேள்வி, குனிவு, உதடு, பல், தோள், புறங்கை. அடுத்து ஒருத்தி. அடுத்து. சொல்லிவைத்தாற்போல் என்பார்கள், யாரும் சொல்லிவைக்கவில்லை, ஒவ்வொருத்தியும் தனியாக, ஆறு மாசமாகத் தன் காதுக்குள் மட்டும் சுமந்த ஒன்றைத் தனித்தனியாக இறக்கிவைத்தார்கள். ஏழாவது ஆளுக்கு மேனேஜர் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற ரத்தினசாமியின் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டான். பன்னிரண்டாவது ஆளுக்கு ஹெச்.ஆர். மேடம் தன் காதை ஒருதரம் தேய்த்துக்கொண்டாள், அவளை அறியாமல். இசக்கியின் தொண்டை அந்தச் சத்தத்தைக் கேட்காமலே பிடித்துவிட்டது, உள்ளே தயாராக நின்றது, வெளியே விடு விடு என்றது. விடமாட்டேன் என்று பல்லைக் கடித்தாள். உலகத்தில் எந்தக் குரலையும் செய்வாள், இதை மட்டும் செய்யமாட்டாள், இது அவளுடையது இல்லை. லைனைத் திரும்பிப் பார்த்தாள். மிஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பவளக்கா கண்ணாடி வழியாக மேசைமேல் கிடக்கிற அலுமினிய வட்டத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மிஷினை அணைத்தாள். காலடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, துணி சுற்றிய விரலை ஒதுக்கி மூடியைத் திருகி, அண்ணாந்து, வழிகிறதைத் துடைக்காமல், அடிவரைக்கும் குடித்தாள்.